செமினார் வகுப்புக்கு எது தோது: வாட்ஸ்அப்பா, கூகுள் டொக்ஸா, பட்லெட்டா, வெறும் துண்டுக் காகிதமா?

எங்கள் ஊரில் செமினார் என்றதும் பிள்ளைகளின் கண்ணில் தெரிவது வேறொன்று. உயர்தரப் பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கையில் மண்டபம் பிடித்து, ஒலிபெருக்கி கட்டி, வெளியூரில் பெயர்பெற்ற ஆசிரியர் ஒருவரைக் கூப்பிட்டு, இருநூறு முந்நூறு பிள்ளைகளை இருத்தி நடத்தும் மீட்டல் வகுப்பு. ஒருவர் சொல்வார், மற்றவர்கள் எழுதுவார்கள். அதை விட்டுவிடுவோம். நான் பேச வந்தது வகுப்பறைக் கதிரைகளை வட்டமாகப் போட்டு, முதல் நாளே கொடுத்த இரண்டு பக்க வாசிப்பை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளே பேசி, பிள்ளைகளே மறுத்து, ஆசிரியர் இயன்றவரை வாயைப் பொத்திக்கொண்டு இருக்கும் செமினார் பற்றி.

போன தவணை தரம் 12 புவியியல் வகுப்பில் அப்படி ஒன்று வைத்தேன். தலைப்பு, எங்கள் திருகோணமலையின் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள். பிரித்தானியர் தங்கள் கடற்படைக்காகக் கட்டியவை. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்ட ஊர் இது. இன்றைக்குக் கணக்கில் இருப்பவை 99 தாங்கிகள். 2022 ஜனவரி உடன்படிக்கைப்படி 14 இந்தியன் ஒயிலின் துணைக் கம்பனியான லங்கா ஐஓசிக்கு, 24 இலங்கை அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மீதி 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு; அதில் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 வீதம். இந்தப் பங்கீடு ஊருக்கு நல்லதா என்பதுதான் கேள்வி. திருகோணமலைப் பிள்ளைக்கு இதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லாமல் போகாது என்று நம்பித்தான் எடுத்தேன். 26 பேர். இரண்டு பாடவேளை சேர்த்து 80 நிமிடம். பேசியவர்கள் நான்கு பேர், வழமையாகப் பேசுகிற அதே நான்கு பேர்.

முடிந்து கதிரை அடுக்கும்போது, அவ்வளவு நேரமும் வாயே திறக்காத ஒரு பிள்ளை பக்கத்தில் நின்றவளிடம் சொல்கிறாள்: “எங்கட அப்பப்பா அங்க வேலை செய்தவர். வெறும் தாங்கிக்குள்ள நிண்டு கூப்பிட்டா சத்தம் சுத்திச் சுத்தி வருமாம், ஆரோ திருப்பிக் கூப்பிடுற மாதிரி.” எனக்குக் கையிலிருந்த கதிரையைப் போட்டுவிட்டு அதன்மேலேயே குந்திவிடலாம் போல இருந்தது. 80 நிமிடமும் எங்கே வைத்திருந்தாள் அதை?

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து கேட்டுப் பார்த்தார். கேள்வியைக் கேட்டுவிட்டு ஆசிரியர்கள் பொறுத்திருப்பது ஏறத்தாழ ஒரு செக்கன்தான். அதை மூன்று செக்கனாக்கினாலே பதில்கள் நீள்கின்றன, பேசும் பிள்ளைகளும் கூடுகிறார்கள் என்று கண்டார். அந்தப் பிள்ளைக்கு வேண்டியிருந்தது மூன்று செக்கனை விடக் கொஞ்சம் கூட. வகுப்புக்கு முதல்நாள் இரவு முழுவதையும் அவளுக்குக் கொடுக்க முடியுமா என்று யோசித்தபோதுதான் இந்த ஒன்லைன் கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கத் தொடங்கினேன்.

இப்போது மூதூர்ப் பக்கம் புது நியமனம் கிடைத்துப் போயிருக்கும் தம்பி ஒருவர், “மிஸ், இதுகளில எதைப் போடுறது? ஒண்டைச் சொல்லுங்கோ” என்று கேட்டிருக்கிறார். ஒன்றைச் சொன்னால் பிழைத்துவிடும். என் வகுப்புக்குச் சரியாக வந்தது அவருக்குச் சரியாக வராது. அதனால் பார்த்ததையெல்லாம் சொல்கிறேன், தெரிவு அவருடையது.

முதலில் கருவியை விடுங்கள், போனைப் பாருங்கள். எங்கள் பாடசாலைக்குள் மாணவர் போன் கொண்டுவரக் கூடாது. ஆக இந்தக் கருவிகளுக்கு இரண்டே இடம்தான்: பின்னேரம் வீடு, இல்லாவிட்டால் கணினிக்கூடம். வீட்டில் யாரிடம் என்ன இருக்கிறது என்று கை தூக்கச் சொல்லிக் கேட்கவில்லை. இல்லாத பிள்ளை எல்லோர் முன்னும் கை தூக்காமல் இருக்க வேண்டிவரும். துண்டில் எழுதித் தரச் சொன்னேன். 26 பேரில் ஒன்பது பேருக்குச் சொந்தப் போன். 14 பேருக்கு வீட்டுப் போன், அதாவது அப்பாவின் போன், அண்ணாவின் போன். மூன்று பேருக்கு ஒன்றுமில்லை. கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு பையன் எழுதியிருந்தான்: “போன் வாப்பாட்ட. வாப்பா கடலுக்குப் போனா போனும் கடலுக்குப் போயிடும்.” எந்தச் செயலியின் விளம்பரத்திலும் இந்த வரிக்குப் பதில் இல்லை.

வாட்ஸ்அப்பிலிருந்து தொடங்குவோம், எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறோம். புதிதாக எதையும் இறக்கத் தேவையில்லை, கணக்குத் திறக்கத் தேவையில்லை, டேட்டா பெக்கேஜ் முடிகிற தறுவாயிலும் ஓடும். எனக்கு அதில் பிடித்தது குரல் பதிவு. தமிழில் எழுதத் தயங்குகிற பிள்ளை தமிழில் பேசத் தயங்காது. “ஒரு நிமிடத்துக்குள், உங்கள் வீட்டில் ஒருவரிடம் கேட்டு, இந்தத் தாங்கிகளைப் பற்றி ஒரு விடயம்” என்று போட்டேன். அப்பப்பா கதை சொன்ன பிள்ளை, அப்பப்பாவையே பேச வைத்து அனுப்பியிருந்தாள். பின்னால் மின்விசிறி கிறீச்சிடுகிறது, நடுவில் ஒரு இருமல், பிறகு அந்த எதிரொலிக் கதை. கடலுக்குப் போகும் போன்காரன் விடியற்காலை நாலரைக்கு அனுப்பியிருந்தான், வாப்பா கரைக்கு வந்ததும்.

ஆனால் கலந்துரையாடல் என்று பார்த்தால் வாட்ஸ்அப் குழு தோற்றுப்போகிறது. பேச்சு ஒரே கயிறாக நீள்கிறது. எட்டு மணிக்கு ஒருவன் போட்ட நல்ல கேள்வி, எட்டரைக்குள் “ஓம் மிஸ்”, கைகூப்பும் படம், நாளைய பாடத்துக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்ற விசாரணை எல்லாவற்றுக்கும் கீழே புதைந்துவிடும். எந்தக் கருத்துக்கு எந்தப் பதில் என்று தேடி எடுத்து வகுப்புக்குக் கொண்டுபோவதற்குள் எனக்குக் கண் கட்டிவிடும். அதைவிடப் பெரிய விடயம், குழுவில் எல்லோருடைய நம்பரும் எல்லோருக்கும் தெரியும். வீட்டுப் போன் என்றால் அந்த நம்பரை வீட்டில் இருக்கும் எவரும் பார்க்கலாம். என் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்குத் தெரியாத நம்பரிலிருந்து “ஹாய்” வரத் தொடங்கியது. அவள் குழுவை விட்டு விலகினாள். காரணத்தை என்னிடம் சொல்ல இரண்டு கிழமை எடுத்தது. அதன் பிறகு நான் பொதுக் குழுவை அறிவித்தலுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அட்மின் மட்டுமே எழுதலாம் என்று மாற்றிவிட்டேன். குரல் பதிவுகள் எனக்குத் தனியாக வரும். அனுப்பிய பிள்ளையைக் கேட்டுவிட்டு வகுப்பில் போட்டுக் காட்டுவேன்.

அடுத்து கூகுள் டொக்ஸ். ஒரே ஆவணத்தில் ஒரே நேரத்தில் 100 பேர் வரை எழுதலாம் என்கிறது கூகுள். எழுதலாம்தான். 26 பேர் ஒன்றாக எழுதினால் நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கும் வரி கண்முன்னே கீழே ஓடிப்போகும், பிடித்து வாசித்தால் மறுபடி ஓடும். முதல் தடவை வெற்றுப் பக்கத்தைத் திறந்துவிட்டேன், சந்தைக்கடை ஆகிவிட்டது. இரண்டாம் தடவை ஓர் அட்டவணை போட்டேன்: ஒரு நிரலில் “வாசிப்பில் எனக்குப் பட்ட வரி”, அடுத்ததில் “இதை ஏன் எடுத்தேன்”, மூன்றாவதில் “இன்னொருவர் கேட்கும் கேள்வி”. குழுவுக்கு ஒரு நிரை. மற்றக் குழுவின் நிரையைத் தொடக்கூடாது, அதற்குக் கருத்துப் போடும் வசதியைப் பாவிக்க வேண்டும். இப்படி வேலி கட்டிக் கொடுத்ததும் அது அழகாக ஓடியது.

யோசனை வளர்வதைக் கண்ணால் பார்க்க இதைப்போல இன்னொன்று இல்லை என்பது என் தீர்ப்பு. ஒரு குழு “61 தாங்கி இந்தியாவுக்குப் போய்விட்டது” என்று எழுதியது. அடுத்த குழு ஓரத்தில் கருத்துப் போட்டது: “51 வீதம் எங்களிடம் என்றால் போய்விட்டது என்று சொல்லலாமா?” முதற்குழு “போய்விட்டது” என்பதை அழித்து “பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் போயிருக்கிறது” என்று மாற்றியது. சொல்லொன்றை மாற்றுவதற்குப் பிள்ளைகள் இவ்வளவு மினக்கெட்டு நான் வகுப்பில் பார்த்ததில்லை. வாயால் பேசியிருந்தால் அந்த இடத்தில் குரல் உயர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

குறைகளும் உண்டு. கணினியில் இணைப்பை அழுத்தினால் கணக்கில்லாமலே உள்ளே போய் எழுதலாம். கூகுள் ஆளுக்கொரு மிருகப் பெயரை வைத்துவிடும், பிள்ளைகளுக்கு அதுவே விளையாட்டு. போனில் அப்படி முடியாது, செயலியும் கூகுள் கணக்கும் வேண்டும். கணக்கு யாருடையது? எங்கள் வீடுகளில் போன் வாங்கும்போது கடைக்காரத் தம்பிதான் கணக்குத் திறந்து கொடுப்பார். யார் என்ன எழுதினார்கள் என்று பதிப்பு வரலாற்றைத் திறந்து பார்த்தால், மிக அருமையான ஒரு பந்திக்கு எதிரே ஒரு போன் கடையின் பெயர் நிற்கிறது. புள்ளி போடுவதற்கு இந்த வரலாற்றை நம்பியிருக்கிறவர்கள் அவதானமாக இருங்கள். ஒருநாள் ஒருவன் எல்லாவற்றையும் தெரிவுசெய்து தவறுதலாக அழித்துவிட்டு, பயத்தில் ஆவணத்தை மூடிவிட்டு ஓடிவிட்டான். அதே பதிப்பு வரலாற்றில் போய் ஐந்து நிமிடம் முந்திய பிரதியை மீட்டெடுத்தேன். மீட்கலாம் என்பதை முதல் நாளே சொல்லி வைத்திருந்தால் அந்தப் பிள்ளை அன்றிரவு நித்திரை கொண்டிருக்கும்.

பட்லெட்டைப் பிள்ளைகள் சுவர் என்பார்கள். ஆளாளுக்கு ஒரு துண்டை ஒட்டுவதுபோல் எழுதிப் போடலாம், நிரல் நிரலாக அடுக்கலாம், போன் பிரவுசரிலேயே திறக்கும். பெயரில்லாமல் போடலாம் என்பதுதான் அதன் பலம், அதுவே அதன் வில்லங்கமும். முதல் நாள் சுவரில் வந்த ஐந்தாவது துண்டு ஆசிரியரின் சேலையைப் பற்றியது. பிறகுதான், நான் பார்த்து அனுமதித்தால் மட்டும் தெரியும்படி ஒரு அமைப்பு இருப்பதைக் கண்டுபிடித்துப் போட்டேன். அப்போதும் சேலை வந்தது, ஆனால் என்னோடு நின்றுவிட்டது.

அதே சுவரில்தான் பெயரில்லாத இன்னொரு துண்டு: “தாங்கிய ஆருக்குக் குடுத்தா என்ன, நாங்க பெற்றோலுக்கு லைன்ல நிண்டம்.” 2022 எரிபொருள் தட்டுப்பாட்டை நினைத்து எழுதியது. வாய் திறந்து வகுப்பில் இதைச் சொல்ல எவருக்கும் துணிவு வந்திராது, பாடத்துக்குப் பொருந்தாத பேச்சு என்று நினைத்திருப்பார்கள். அதைப் புரொஜெக்டரில் போட்டுவிட்டு நான் பேசாமல் இருந்தேன். சேமிக்க இவ்வளவு இடம் ஊரிலேயே இருந்தும் ஊர் ஏன் வரிசையில் நின்றது, தாங்கி இருப்பது வேறு, எண்ணெய் வாங்க டொலர் இருப்பது வேறு என்று அரைமணி நேரம் போனது. அந்தப் பருவத்தின் சிறந்த அரைமணி நேரம் அதுதான். இலவசக் கணக்கில் இதை எழுதும்போது மூன்று சுவர்கள்தான் வைத்திருக்கலாம். காசு கட்டலாம் என்றால் வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு ஏற்ற அட்டை வேண்டும், ஆசிரியர் சம்பளத்தில் டொலரில் மாதக் கட்டணம் என்பதை நான் யோசிக்கவில்லை. பழைய சுவரைப் பீடிஎஃப் ஆக எடுத்து வைத்துக்கொண்டு, அதையே துடைத்துத் துடைத்துப் பாவிக்கிறேன்.

மென்டிமீட்டர் போன்றவற்றைப் பயிற்சிப் பட்டறைகளில் எல்லோரும் காட்டுகிறார்கள். பிள்ளைகள் அனுப்பும் சொற்கள் மேகம்போலத் திரண்டு, அதிகம் வந்த சொல் பெரிதாகத் தெரியும். ஆங்கிலத்துக்கு நல்லது. தமிழில் “தாங்கி”, “தாங்கிகள்”, “தாங்கிகளை”, “தாங்கிகளின்” எல்லாம் அதற்கு நான்கு வேறு சொற்கள். எதுவும் பெரிதாகாது, திரையில் பொடிப்பொடியாக எறும்பு ஊர்ந்த மாதிரிக் கிடக்கும். வேற்றுமை உருபு இல்லாமல் ஒரே சொல்லில் பதில் தா என்று கட்டுப்படுத்தலாம். பதினாறு வயதுப் பிள்ளையை ஒரு சொல்லோடு நிறுத்திவிட்டு அதற்குச் செமினார் என்று பெயர் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இலவசக் கணக்குக்கு மாதம் 50 பேர் என்ற வரம்பும் இருக்கிறது. கைதூக்கி வாக்கெடுக்க வேண்டுமென்றால் கையையே தூக்கலாம்.

இனி, நான் எதிர்பார்க்காதது. கூகுள் ஃபோர்ம், கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் ஒன்லைன் படிவம். கலந்துரையாடல் கருவி என்று அதை யாரும் சொல்ல மாட்டார்கள், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கவே முடியாது. என் செமினாரைத் திருப்பிப் போட்டது அதுதான். இரவு ஏழு மணிக்கு இணைப்புப் போகும். இரண்டே கேள்வி: “வாசிப்பில் உடன்படாத இடம் எது, ஏன்?” “நாளைக்கு யாராவது கேட்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கும் கேள்வி எது?” பெயர் கேட்பதில்லை. காலை ஐந்தரைக்கு எழும்பித் தேநீரோடு இருந்து வாசிப்பேன். ஆறு ஏழு வரிகளைத் தெரிந்து, எழுத்துப்பிழையை மட்டும் திருத்தி, அரைத்தாளில் அச்செடுத்து, வகுப்பில் ஆளுக்கொன்று கொடுப்பேன். செலவு 13 தாள்.

தான் எழுதிய வரி அச்சில், பெயரில்லாமல், எல்லோர் கையிலும் இருப்பதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். முதலில் திடுக்கிடும். பிறகு யாராவது “மூன்றாவது ஆள் சொல்லுறது சரிதான்” என்று தொடங்கினால், அந்த மூன்றாவது ஆளால் கன நேரம் சும்மா இருக்க முடியாது. “இல்ல, நான் சொன்னது அப்படியில்ல” என்று தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிட்டுப் பேசத் தொடங்கிவிடும். இரண்டாவது செமினாரில் நான் எண்ணியபோது 11 பேர் பேசியிருந்தார்கள். வழமையாகப் பேசும் நால்வரில் ஒருத்தி வந்து முறைப்பாடு வைத்தாள்: “மிஸ், இப்ப எனக்கு நேரமே கிடைக்குதில்ல.”

ஃபோர்ம் செய்யும்போது இரண்டு இடத்தில் கவனம். ஒருவர் ஒருமுறைதான் பதிலளிக்கலாம் என்ற அமைப்பைப் போட்டால் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும், போடாதீர்கள். மின்னஞ்சல் சேகரிக்கும் அமைப்பும் அணைந்திருக்க வேண்டும். இரண்டும் அணைந்திருந்தால் எந்தப் பழைய போனிலும், எவருடைய போனிலும் இரண்டு நிமிடத்தில் எழுதி அனுப்பிவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். வாப்பா கடலுக்குப் போகுமுன் அந்த இரண்டு நிமிடம் கிடைத்துவிடுகிறது.

கணினிக்கூடம் உள்ளவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும், ஈதர்பேட். பலர் ஒரே பக்கத்தில் ஒரே நேரத்தில் எழுதும் மென்பொருள். 2008இல் வந்தது, அடுத்த வருடமே கூகுள் வாங்கி, அதன் மூலநிரல் திறந்து விடப்பட்டது. ஒரு கணினியில் நிறுவிவிட்டால் கூடத்தின் உள்வலையமைப்பிலேயே ஓடும், வெளி இணையமே வேண்டாம். மழைக்காலத்தில் லைன் செத்துப்போன ஒரு நாளில்தான் எங்கள் ஐ.சி.ரி. சேர் இதைக் காட்டினார். ஆளுக்கொரு நிறத்தில் எழுத்து விழும். அதன் வரலாற்றைத் திறந்து ஒரு கோட்டை இழுத்தால் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படம்போல மறுபடி ஓடும். பத்து நிமிடம் ஒருவரும் பேசக்கூடாது, எழுத்தால் மட்டும் வாதம். பிறகு திரைகளை அணைத்துவிட்டு வட்டமாக வந்து இருந்து பேசுவது. கணினி 20 இருந்தாலும் எழும்புவது 14, ஆக இருவருக்கு ஒன்று. இருவருக்கு ஒன்று என்பது வசதிக்குறைவு என்று முதலில் நினைத்தேன். எழுதுமுன் பக்கத்திலிருப்பவனோடு குசுகுசுத்துத் தீர்மானிக்க வேண்டியிருப்பதால் எழுத்து நன்றாகவே வந்தது. ஒரே பயம், அந்த சேருக்கு இடமாற்றம் வந்தால் ஈதர்பேட்டும் அவரோடு போய்விடும். எனக்கு அதை நிறுவத் தெரியாது.

பல்கலைக்கழகத்தில் கற்பிப்பவர்களுக்கு மூடில் என்ற ஒன்லைன் கற்றல் தளம் இருக்கிறது. நான் பாடசாலைக்காரி, அதிகம் சொல்ல மாட்டேன். அதில் ஒரு வசதி மட்டும் எனக்குப் பொறாமையைத் தருகிறது: தன் பதிலை இட்ட பிறகுதான் மற்றவர்கள் எழுதியதைப் பார்க்க முடியும் என்று வைக்கலாம். முதலாவதாகப் பேசும் கெட்டிக்காரனின் பின்னால் வகுப்பு முழுவதும் வரிசையில் போய் நிற்பதை அது ஒன்றே தடுத்துவிடும். கூகுள் கிளாஸ்ரூமிலும் கேள்வி என்ற பகுதியில் இதே மாதிரி உண்டு, ஆனால் பிள்ளைக்குச் சொந்தக் கணக்கு வேண்டும், மறுபடி அந்தப் போன் கடை வாசலுக்கே வந்து நிற்போம்.

இலவசம் என்பதற்காக எதிலும் மனதை வைத்துவிடாதீர்கள். கூகுளின் வெண்பலகைச் செயலியான ஜாம்போர்டில் நான் இரண்டு வருடப் பலகைகளை வைத்திருந்தேன். 2024 டிசம்பர் 31உடன் கூகுள் அதை மூடிவிட்டது. அன்றிலிருந்து எந்தக் கருவியை எடுத்தாலும் முதலில் பார்ப்பது, உள்ளே போட்டதை வெளியே எடுக்க முடியுமா என்பதைத்தான்.

தமிழ் எழுதுவது பற்றி யாரும் சொல்லித்தருவதில்லை, ஆனால் பாதிச் செமினார் அங்கேதான் சிக்குகிறது. கணினியில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிப் பழகிய பிள்ளை, அதை அப்படியே வெட்டி டொக்ஸில் ஒட்டும். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கூழாக வந்து விழும். எல்லாக் கருவியும் வாசிக்கும் எழுத்துக் குறியீடான யுனிகோட் என்ற சொல்லை விளக்க ஒரு பாடவேளை போனாலும் பரவாயில்லை, போகவிடுங்கள். போனில் ஜீபோர்ட் என்ற கூகுள் விசைப்பலகையின் குரல் தட்டச்சில் இலங்கைத் தமிழையும் தெரிவுசெய்யலாம், நீளமாக எழுதப் பஞ்சிப்படும் பிள்ளைக்குக் கைகொடுக்கும். ஆனால் “எண்ணெய்த் தாங்கி” என்று சொன்னால் “என்னை தாங்கி” என்று எழுதிக்கொடுக்கும். ஒரு பிள்ளை திருத்தாமல் அனுப்பிவிட்டது: “என்னை தாங்கிகளை அபிவிருத்தி செய்ய வேண்டும்.” வகுப்பே உருண்டு சிரித்தது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவதை ஃபோர்மில் அனுமதிக்கிறேன், ஏனென்றால் அது எனக்கு மட்டும் வருவது, நானே மாற்றி அச்சிடுவேன். டொக்ஸில் அனுமதிப்பதில்லை, அது வகுப்பின் கொப்பி.

இவ்வளவுக்கும் எதிரே வெறும் காகிதத்தை வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டால், பார்த்தேன். பிரிஸ்டல் போர்டை நாலு மூலையில் ஒட்டி, மார்க்கர் கொடுத்து, சுற்றிவந்து எழுதச் சொன்னேன். கரண்ட் வேண்டாம், கணக்கு வேண்டாம், கூகுள் மூடினாலும் கவலையில்லை. பட்லெட் செய்வதில் முக்கால்வாசியை அது செய்துவிடுகிறது. செய்யாத கால்வாசி என்னவென்றால், கையெழுத்து. இரண்டு வருடம் கூடப் படித்தவர்களுக்கு ஒரு “ழ”வின் வாலைப் பார்த்தாலே ஆளைத் தெரியும். பெயரில்லாமல் எழுதலாம் என்று நான் சொன்னதும் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பு அதற்குத்தான்.

மூதூர்த் தம்பிக்கு வருவோம். உங்கள் வகுப்பில் 11 பேர் என்கிறீர்கள், கணினிக்கூடம் பூட்டிக் கிடக்கிறது, உங்களிடம் ஒரு மடிக்கணினியும் புரொஜெக்டரும் உண்டு. 11 பேருக்குப் பட்லெட் தேவையில்லை, அந்த எண்ணிக்கையில் பெயரில்லாமை என்பது பேச்சுக்குத்தான். ஃபோர்மை எடுங்கள், இரவில் சிக்னல் சரியில்லாத வீடுகளுக்குப் பாடசாலை விடுமுன் துண்டுக் காகிதம் கொடுத்து, இரண்டையும் ஒரே அரைத்தாளில் சேருங்கள். வகுப்பு நடக்கும்போது ஒரு திரையும் வேண்டாம். அதுதான் நான் அதிகம் காசும் நேரமும் கொடுத்துப் படித்தது. புரொஜெக்டர் எரிந்தால் எல்லா முகமும் அங்கே திரும்பும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். கடைசிப் பத்து நிமிடம் மட்டும் டொக்ஸைத் திறந்து, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பிள்ளையை எழுத்தராக இருத்தி, “இன்றைக்கு எங்கே உடன்பட்டோம், எங்கே உடன்படவில்லை” என்று மற்றவர்கள் சொல்லச் சொல்ல எழுத வையுங்கள். ஒரு தவணைக்குள் அது பரீட்சைக்கே உதவும் குறிப்பாகிவிடும். குழப்படிக்காரனை முதல் எழுத்தராகப் போடுங்கள். ஏனென்று கேட்காதீர்கள், போட்டுப் பாருங்கள்.

30 பேருக்கு மேல், ஓடுகிற கணினிக்கூடம், உதவ ஒரு ஐ.சி.ரி. ஆசிரியர் என்று இருப்பவர்கள் ஈதர்பேட்டையோ அட்டவணை போட்ட டொக்ஸையோ நம்பி இறங்கலாம். பிள்ளைகள் சொல்லத் துணியாத விடயம் தலைப்பில் இருந்தால், தவணைக்கு ஒருமுறை பட்லெட். வாட்ஸ்அப் எல்லோருக்கும், குரலுக்கு மட்டும்.

எங்கள் வகுப்புக்கு அடுத்த தலைப்பு மகாவலி. 335 கிலோமீற்றர் ஓடி வந்து கொட்டியாரக் குடாவில் விழும் ஆற்றை 1976இலிருந்து பொல்கொல்லையில் மறித்துத் திருப்புகிறார்கள். கடைமடைக்காரருக்கு அதனால் என்ன வந்தது, என்ன போனது. வாசிப்பு கொடுத்தாயிற்று. இணைப்பு இன்றிரவு ஏழு மணிக்குப் போகும். போன் இல்லாத மூன்று பேரின் துண்டுகள் இப்போதே என் கைப்பையில் இருக்கின்றன, இரவில் நானே அவற்றை ஃபோர்மில் ஏற்ற வேண்டும். அதில் ஒன்றை எட்டாக மடித்து, மேலே “மிஸ் மட்டும்” என்று எழுதி, பிறகு அந்த “மட்டும்” என்பதை மட்டும் வெட்டியிருக்கிறது.